ஒரே கப்பலில் இரண்டு பயணம், நடுவில் கொழும்பில் ஒரு பகல்

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் எல்லாம் பார்த்துக்கொண்டு கொழும்பில் முடியும் ஏழு இரவுப் பயணம் ஒன்று. அதே கப்பல் அன்று பின்னேரமே கொழும்பிலிருந்து கொச்சி, கோவா வழியாக மும்பைக்குப் போகும் பயணம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து டொரண்டோவிலிருந்து அக்கா புக் பண்ணியிருந்தார். அக்காவும் அத்தானும் ஒரு கபின், நானும் அம்மாவும் ஒரு கபின். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, மகனுக்கு ஏ.எல். பரீட்சை நெருங்கியிருந்தது, ஆகவே அவர்கள் இருவரும் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில். கப்பல் சாப்பாடு, நீச்சல் குளம், டான்ஸ் பற்றியெல்லாம் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுதுவது அந்த நடு நாளைப் பற்றி மட்டும்தான், ஏனென்றால் அதைப் பற்றி எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை, கப்பல் கம்பனி உட்பட.

முதலில் அந்த நாள் என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். கப்பல்காரர் அதை ‘டர்ன் அரவுண்ட் டே’ என்கிறார்கள். காலையில் ஒரு கூட்டம் முழுக்க இறங்கும், மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு கூட்டம் ஏறும், நடுவில் உள்ள நாலைந்து மணித்தியாலத்துக்குள் அத்தனை அறையும் கழுவித் துடைத்து விரிப்பு மாற்றியாக வேண்டும். இரண்டு பயணத்தையும் தொடர்ந்து செய்கிறவர்கள் எங்களைப் போல கொஞ்சப் பேர்தான். கப்பல்காரருக்கு நாங்கள் பழைய ஆட்களும் இல்லை, புது ஆட்களும் இல்லை. அன்றைய கரைச்சல் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

நீங்கள் ஒரே பயணம் என்று நினைத்தாலும் கம்பனியின் கணக்கில் அது இரண்டு. முதல் பயணத்தின் பில் முந்தின இரவே முடிக்கப்படும், வைஃபை பொதி முடியும், குடிவகைப் பொதி வாங்கியிருந்தால் அதுவும் முடியும். புக் பண்ணும்போது சலுகையாக ‘கப்பலில் செலவழிக்க’ என்று ஐம்பது டொலர் தந்திருந்தார்கள், அதை முதல் பயணத்துக்குள்ளேயே முடிக்காவிட்டால் போய்விடும், திருப்பித் தரவும் மாட்டார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது உள்ளே இருக்கும் கடைகளும் திறப்பதில்லை. அக்கா முந்தின இரவு பத்தரைக்கு ஓடிப்போய், இந்த வெயிலுக்கு எதற்கும் உதவாத ஒரு கம்பளித் தொப்பியும் இரண்டு சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு வந்தார். டொரண்டோவில் உதவும் என்றார். சரி.

அக்கா, அத்தானின் கபின் இரண்டு பயணத்துக்கும் ஒன்றே, அவர்கள் ஒரு சீப்பைக்கூட அசைக்கவில்லை. நாங்கள் பிந்திச் சேர்ந்ததால் எங்களுக்கு ஆறாம் தட்டிலிருந்து எட்டாம் தட்டுக்கு மாற வேண்டியிருந்தது. இதில் ஒரு நல்ல விஷயம், ஹேங்கரில் தொங்கும் உடுப்புகளை மடிக்கத் தேவையில்லை. கபின் பார்க்கிற தம்பி அப்படியே தூக்கிக்கொண்டுபோய் புது அறை அலுமாரியில் மாட்டிவிடுவார், அம்மாவின் சேலைகள் ஒரு கசங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. மிச்சச் சாமான்களை சூட்கேஸில் போட்டுப் பூட்டி அறைக்குள்ளேயே விட வேண்டும். கெட்ட விஷயம், எட்டு மணிக்கு பழைய அறையை விடச் சொன்னார்கள், அறைச் சாவியாகவும் இருக்கும் பழைய கப்பல் கார்ட் எட்டரைக்குச் செத்துவிட்டது, புதுக் கார்ட் கைக்கு வந்தது பத்தேகாலுக்கு, புது அறை திறந்தது ஒரு மணிக்குப் பிறகு. அம்மாவின் பிரஷர் குளிசை சூட்கேஸுக்குள். அந்தத் தம்பியைத் தேடிப்பிடித்து, பூட்டிய பெட்டியைத் திறந்து குளிசையை எடுப்பதற்குள் எனக்கே பிரஷர் ஏறிவிட்டது. ஆகவே குளிசை, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்று உடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சுவர் அலுமாரிக்குள் இருக்கும் சின்னப் பெட்டகத்தையும் மறக்காதீர்கள், அம்மாவின் நாலு வளையலும் அதற்குள் இருந்து கடைசி நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது.

பாஸ்போர்ட்டுகளை சிங்கப்பூரிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். அவற்றைத் திருப்பித் தரும் நேரத்தை இரவுச் சாப்பாட்டு நேரத்திலேயே வைத்தது யாருடைய மூளையோ தெரியவில்லை, வரவேற்பு மேசையிலிருந்து லிப்ட் வரை வரிசை, ஒரு மணித்தியாலம் கால் கடுக்க நின்றோம். மும்பைப் பயணத்துக்கு இந்திய விசாவை மறுபடி பார்த்தார்கள். அதன் பிரதி ஒன்று கையில் இருந்தால் நல்லது.

காலையில் ‘டிரான்சிட்’ என்று எழுதிய ஒரு அட்டை தந்தார்கள். இறங்கித் திரும்பி வரும்போது புதிதாக ஏறுகிறவர்களின் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போக அதுதான் சீட்டு, தொலைக்க வேண்டாம். கப்பலை விட்டு இறங்கியே ஆக வேண்டுமா என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபடும். அமெரிக்காவில் பயணிகள் எல்லோரும் இறங்கி குடிவரவு அதிகாரியின் முகத்தைப் பார்த்த பிறகே புதுக் கூட்டத்தை ஏற்றுவார்கள், புளோரிடாவில் அத்தான் சவரம்கூடச் செய்யாமல் இறங்கிய கதையை இந்தப் பயணத்தில் மூன்று தடவை கேட்டேன். வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவர்களை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது, அதனால் தனித்தனியாகச் சரியாக இருக்கும் இரண்டு பயணத்தை ஒரே கப்பலில் ஒட்டினால் அது பிழையாகிவிடலாம். அலாஸ்காவில் ஏறி வன்கூவரில் பயணம் மாற்றி அதே வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் லொஸ் ஏஞ்சல்ஸில் இறங்க விடமாட்டார்கள், ஆகவே கனடாச் சொந்தங்கள் காசு கட்டுவதற்கு முன் விசாரியுங்கள். கொழும்பில் எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, விரும்பினால் கப்பலிலேயே இருக்கலாம் என்றார்கள்.

அக்காவும் அத்தானும் இருந்தார்கள், அதுதான் புத்தி என்று இப்போது சொல்வேன். ஏழு நாளும் துவாய் போட்டு இடம் பிடித்த கதிரைகள் எல்லாம் காலி, குளத்தில் அத்தான் மட்டும், தேத்தண்ணி கேட்டால் இரண்டு பேர் ஓடி வருகிறார்களாம். மேல் தட்டிலிருந்து பார்த்தால் முட்டை, உருளைக்கிழங்கு, தண்ணீர்ப் போத்தல் என்று போர்க்லிப்ட் ஏற்றிக்கொண்டே இருக்குமாம். ஆனால் உள்ளே நடைபாதை முழுக்க அழுக்கு விரிப்பு மூட்டை, வக்யூம் சத்தம். அமைதி வேண்டுமென்றால் மேல் தட்டுதான்.

நான் என்ன செய்தேன்? சொந்த ஊரில் கப்பல் நிற்கிறது, மனம் கேட்குமா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். துறைமுகத்துக்குள் நடந்து போக முடியாது, கப்பலடியில் நிற்கும் பஸ் வாசல்வரை கொண்டுபோய் விடும். வாசலில் ஒரு ஆட்டோக்காரர் என் கழுத்தில் தொங்கிய கப்பல் கார்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சிட்டி டூர், யானை, மாணிக்கக்கல் என்று ஆரம்பித்தார். “அண்ணே, வெள்ளவத்தைக்கு எவ்வளவு?” என்றதும் முகம் விழுந்துவிட்டது. கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு பிக்மி செயலியில் ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். வெளிநாட்டுக்காரருடன் இறங்குகிறவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். கண்டிக்குப் போகவே வேண்டாம், ஒரு பக்கமே நூறு கிலோமீற்றருக்கு மேல், திரும்பிவரப் பிந்தினால் கப்பல் காத்திருக்காது. பக்கத்திலேயே 1875இல் திறந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இருக்கிறது, அங்கிருந்து புறக்கோட்டைப் பக்கம் நடந்தால் கான் மணிக்கூட்டுக் கோபுரம், சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், அரை நாளுக்கு அது தாராளம். கோயிலுக்கு என்றால் மத்தியானம் நடை சாத்துவதற்குள் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் புறக்கோட்டையில் பாதிக் கடை பூட்டு.

வீட்டில் இவரும் மகனும் எங்களை எதிர்பார்க்கவில்லை, அதைக் குசினியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி வேண்டாம். அம்மா ஒன்றும் பேசாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தார். எல்லோரும் சாப்பிட்டோம். அப்புறம் தன் கட்டிலில் போய்ச் சாய்ந்தவர், “நீ போட்டு வா பிள்ளை, நான் இஞ்சயே நிக்கிறன்” என்றார். இரண்டாவது பயணத்தின் காசு முழுக்கக் கட்டியாகிவிட்டது, சூட்கேஸ் எட்டாம் தட்டில். அரை மணித்தியாலம் கெஞ்சி, அக்காவை வட்ஸ்அப்பில் எடுத்து அழவைத்து, இரண்டேகாலுக்குத்தான் கிளம்பினோம். மூன்றரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். மரைன் டிரைவில் வாகனம் ஊர்கிறது, நான் நகத்தைக் கடிக்கிறேன், அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறார். வயதானவர்களோடு பயணம் செய்கிறவர்கள், தயவுசெய்து நடு நாளில் வீட்டைக் காட்டாதீர்கள்.

டிரான்சிட் அட்டையால் புது ஆட்களின் வரிசையைத் தாண்டி இரண்டு நிமிஷத்தில் உள்ளே போனோம், இதற்கு மட்டும் கம்பனிக்கு முழுப் புள்ளி. ஆனால் ஸ்கேனரில் அம்மாவின் பை நின்றது. எனக்குத் தெரியாமல் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைச் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார். வீட்டில் செய்த சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள், கடையில் வாங்கிய சீல் பிரிக்காத பக்கற் என்றால் பரவாயில்லை. ஊறுகாய் போய்விட்டது.

பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி செய்யச் சொன்னார்கள். போன கிழமை செய்தோமே என்றால் எடுபடாது. 2012இல் இத்தாலிக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது அன்றுதான் ஏறிய பலர் பயிற்சியே செய்திருக்கவில்லை, 2015இலிருந்து கப்பல் கிளம்புவதற்கு முன் அல்லது கிளம்பியதுமே செய்ய வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. எங்கள் கப்பலில் பழைய ஆட்களுக்கும் விலக்கு இல்லை. கபின் மாறியதால் நாங்கள் கூட வேண்டிய இடமும் மாறியிருந்தது, ஆகவே ஒருவிதத்தில் சரிதான். ஏழு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக ஊதும்போது அம்மா காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மொத்தத்தில் அந்த நாளைக் கையாண்ட விதத்துக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், கபின் தம்பிக்கு மட்டும் ஐந்து. முந்தின இரவு தந்த ஒரு பக்கக் கடிதத்தில் கார்ட் எப்போது சாகும், அறை எப்போது திறக்கும் என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் நாலரை போட்டிருப்பேன். இன்னொன்று, இரண்டாவது பயணத்தில் சாப்பாட்டு அட்டவணை முதலாம் இரவிலிருந்து மறுபடி தொடங்கும், மேடை நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் அதேதான். தாமரைக் கோபுரத்தின் விளக்கு பின்னால் சிறுத்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசையில் சிங்கப்பூரில் முதல் இரவு வந்த அதே மெனு, அதே காளான் சூப். அம்மா அதை வாசித்து மூடி வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டார், “வீட்டில பருப்பு மிச்சம் இருந்ததல்லோ, அவங்கள் பிரிட்ஜுக்குள்ள வைச்சிருப்பாங்களோ?”