ஸ்டீல்ஸுக்கு வடக்கா, தெற்கா? மார்க்கம், ஸ்காபரோ: ஒரு நகரசபைக் கணக்கு

ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கும் ஸ்காபரோவா, அதற்கு வடக்கே தனி நகரமான மார்க்கமா என்ற பேச்சு கனடாத் தமிழரான எங்கள் ஆட்களிடம் வீடு வாங்கும் காலத்தில்தான் சூடுபிடிக்கும். பள்ளிக்கூடம் எப்படி, கோயில் எவ்வளவு தூரம், 401 நெடுஞ்சாலைக்கு எத்தனை நிமிடம் என்று துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட எந்த நகரசபையின் கீழ் போய்ச் சேரப் போகிறோம் என்று கேட்பதில்லை. இரண்டுக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் அவெனியூவைக் கடந்தாலும் வீடு, கடை, சனம் எல்லாம் அநேகமாக ஒன்றுதான். பசிபிக் மோல் நிற்கும் பக்கம் மார்க்கம், வீதியைத் தாண்டினால் ஸ்காபரோ. ஆட்சி மட்டும் அடியோடு வேறு.

ஸ்காபரோவும் ஒரு காலத்தில் தனி நகரம்தான். 1998 ஜனவரி 1ஆம் திகதி ஒன்ராறியோவில் மைக் ஹரிஸின் மாகாண அரசு அதையும் நோர்த் யோர்க், எற்றோபிக்கோ முதலியவற்றையும் ரொறன்ரோவோடு சேர்த்தது. முந்திய ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு 2018இல், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்த போதே, டக் ஃபோர்டின் மாகாண அரசு ரொறன்ரோவுக்குத் திட்டமிட்டிருந்த 47 வட்டாரங்களை 25 ஆக வெட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் மாகாணமே வென்றது. இன்று 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஸ்காபரோ மக்களுக்கு ஆறு கவுன்சிலர்கள். ஒருவருக்கு ஒரு இலட்சம் பேர்.

மார்க்கத்தில் 2021 குடிசனக் கணக்கின்படி 3 இலட்சத்து 38 ஆயிரம் பேர். வட்டாரக் கவுன்சிலர்கள் எட்டு, நகரம் முழுக்கத் தெரிவாகி, மேல்மட்டமான யோர்க் பிராந்தியச் சபையிலும் இருக்கும் பிராந்தியக் கவுன்சிலர்கள் நாலு, மேயர் ஒருவர். ஒரு வட்டாரத்துக்கு 42 ஆயிரம் பேர் வரும். அதே அளவுகோலை ஸ்காபரோவுக்கு வைத்தால் பதினைந்து கவுன்சிலர்கள் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் முதல் கேள்வி இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

வட்டாரம் சிறிதென்றால் புதிதாக வந்த சமூகத்து ஆள் ஒருவர் கால்நடையாகவே கதவு தட்டி வெல்லலாம். லோகன் கணபதி 2006இலேயே மார்க்கம் ஏழாம் வட்டாரத்தில் வென்றார். தமிழர் தொகை எத்தனையோ மடங்கு அதிகமான ரொறன்ரோவில் முதல் தமிழ்க் கவுன்சிலராக நீதன் சாண் நுழைய 2017 ஆகிவிட்டது, அதுவும் இடைத்தேர்தலில். அடுத்த ஆண்டே வட்டாரங்கள் பெருத்ததும் சொற்ப வாக்கில் தோற்றார். 2023இல் பார்த்தி கந்தவேள் வந்ததும் இடைத்தேர்தல் வழி, 2025இல் நீதன் சாண் திரும்பியதும் இடைத்தேர்தல் வழி. பதவியிலிருப்பவர் மீண்டும் நிற்காத தேர்தலில்தான் கதவு திறக்கிறது என்றால், பெரிய வட்டாரத்தில் தெரிந்த பெயருக்கு எவ்வளவு பலம் என்பது விளங்கும்.

அதற்காக மார்க்கம் ஆரம்பத்திலிருந்தே கைநீட்டி வரவேற்ற ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. 1995இல் அங்கே துணை மேயராக இருந்த கரோல் பெல், சீனர் பெருகுவதால் பழைய குடிகள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்ற தொனியில் பேசினார். சுற்றுவட்டார நகர மேயர்கள் பலர் சேர்ந்து கண்டித்தார்கள். இன்றைய மார்க்கத்தில் அப்படிப் பேசி ஒருவரும் தேர்தலில் தேற முடியாது. இதை மாற்றியது சனத்தொகைதான், நகரசபையின் பெருந்தன்மை அல்ல.

நிலவறை வாடகை விஷயத்தில் அந்தப் பழைய தயக்கத்தின் வாசம் இன்னும் அடிக்கிறது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்த நாட்டில் வாழத் தொடங்கியது யாரோ ஒருவரின் பேஸ்மென்டில்தான். ரொறன்ரோ 2000ஆம் ஆண்டளவிலேயே இரண்டாம் குடியிருப்பை நகரம் முழுக்க அனுமதித்துவிட்டது. மார்க்கம் நகரசபை வருடக்கணக்காக இழுத்தடித்தது. 2022இல் மாகாணச் சட்டமே ஒரு காணியில் மூன்று குடியிருப்புவரை உரிமையாக்கிய பிறகுதான் அந்த வாதம் அடங்கியது. கவுன்சிலர் அருகில் இருக்கிறார் என்றால் யாருக்கு அருகில் என்றும் கேட்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் தொலைபேசிக்கு அவர் உடனே பதில் சொல்லுவார். கீழே வாடகைக்கு இருப்பவர் இன்னும் குடியுரிமை பெறாதவர் என்றால் வாக்கே இல்லை.

இனிப் பணம். ஸ்காபரோவில் 10 இலட்சம் டொலருக்கு வீடு வாங்கினால் மாகாணத்துக்குக் கட்டும் காணி மாற்று வரி 16,475 டொலர், ரொறன்ரோ நகரத்துக்கு அதே 16,475 இன்னொரு தடவை. முதல் வீடு என்றால் நகரம் 4,475ஐக் கழிக்கும், மிச்சம் 12,000 கட்டியே ஆக வேண்டும். ஸ்டீல்ஸுக்கு வடக்கே இந்த இரண்டாவது வரி கிடையாது. மார்க்கத்தின் விலை அந்தச் சேமிப்பை விழுங்கிவிடும் என்பது வேறு கதை.

ஆனால் மார்க்கத்தின் ஆண்டு வரிச்சீட்டைப் பிரித்துப் பாருங்கள். நகரம், யோர்க் பிராந்தியம், கல்வி என்று மூன்று பங்கு. பொலிஸ், பஸ், பொதுச் சுகாதாரம், மக்கோவன், கென்னடி போன்ற பெரிய வீதிகள் எல்லாம் பிராந்தியத்தின் கையில். உங்கள் வட்டாரக் கவுன்சிலர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் பிராந்தியச் சபையில் அவருக்கு ஆசனம் இல்லை. மக்கோவனில் குழி விழுந்ததென்று நகரத்துக்குத் தொலைபேசி அடித்தால் பிராந்தியத்துக்கு அடியுங்கள் என்பார்கள். ரொறன்ரோவில் 311 என்ற ஒரே இலக்கம், தமிழிலும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அந்த இலக்கம் எடுக்கும் முறைப்பாடு எப்போது தீரும் என்பது அவரவர் பொறுமை.

பனிக்காலத்தில் கணக்கு தலைகீழ். பனி வண்டி வீதியை வழித்துக்கொண்டு போகும்போது டிரைவ்வே வாயிலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும், தொட்டால் கல்லாக இருக்கும். ஸ்காபரோவில் இயந்திரம் போகக்கூடிய தெருக்களில் நகரசபையே அதை வெட்டித் திறக்கும். பழைய புறநகர்ப் பகுதிகளுக்கான சேவை இது, ரொறன்ரோ இன்னும் நிறுத்தவில்லை, டவுன்டவுன்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்க்கத்தில் முதியவர்களும் உடல் இயலாதவர்களும் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், மற்றவர்களுக்குச் சவள்தான். காலை ஐந்து மணிக்கு வேலைக்கு ஓடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கார் இல்லாதவருக்கு ஸ்காபரோ என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1985இல் வந்த, ஆர்.டி. என்ற ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு நிரந்தரமாக நின்றது, அதற்குப் பதிலான சுரங்க ரயிலை நகர மண்டபம் எத்தனை தடவை மாற்றி மாற்றி முடிவெடுத்தது என்று எழுதினால் தனிக் கட்டுரையாகும். என்றாலும் பஸ் வருகிறது, நள்ளிரவுக்குப் பிறகும் வருகிறது. ஸ்டீல்ஸைத் தாண்டினால் இரண்டாம் முறை காசு கட்டும் கொடுமையும் 2024 பெப்ரவரியோடு ஒழிந்தது.

தமிழருக்கென்று யார் என்ன செய்தார்கள் என்றும் கேட்பார்கள். மார்க்கம் ஒரு வீதிக்கு வன்னி என்று பெயர் வைத்தது. ரொறன்ரோ தமிழ்ச் சமூக மையத்துக்கு ஸ்ரெயின்ஸ் வீதியில் காணி ஒதுக்கியது, 2021இல் மத்திய, மாகாண அரசுகள் அதற்கு 26.3 மில்லியன் டொலர் அறிவித்தன. பெயர்ப்பலகையோடு நின்று படம் எடுக்கலாம். காணியில்தான் மண்டபம் எழுப்பலாம்.

சொந்த வீடும் காரும் உள்ளவர், நகரசபைக் கூட்டத்துக்குப் போய் நாலு வார்த்தை பேசி ஒரு பூங்காவையோ வேகத்தடையையோ வாங்கிவரக் கூடியவர், மார்க்கத்துக்கே போகட்டும். வாடகைக்கு இருப்பவருக்கும், பஸ்ஸை நம்பி வாழ்பவருக்கும், அப்பா அம்மாவைக் கூட்டி வந்து பேஸ்மென்டில் வைத்திருப்பவருக்கும் ஸ்காபரோ கூடுதலாகக் கொடுக்கிறது.

இரண்டிலும் பொதுவான விதி ஒன்று பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோ நகரசபைத் தேர்தலில் 18 வயதான கனடியக் குடியுரிமையாளருக்கு மட்டுமே வாக்கு, நிரந்தர வதிவுரிமை இருந்தால் போதாது. ஆனால் மார்க்கத்தில் குடியிருந்துகொண்டு ஸ்காபரோவில் கடை வைத்திருப்பவர், இடம் சொந்தமோ வாடகையோ, தன் பெயரிலோ மனைவி அல்லது கணவர் பெயரிலோ இருந்தால், இரண்டு நகரங்களிலும் வாக்களிக்கலாம். கம்பனி பெயரில் எழுதியிருந்தால் செல்லாது.