ரிங்கா, போரிங்கா, கிட்டா, லைனரா? பழைய டூ-ஸ்ட்ரோக் பிளாக்குக்கு எது சரி

பல வருடம் நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியை வீட்டில் வைத்துப் பிரித்தால், எஞ்சின் தலையையும் சிலிண்டர் பிளாக்கையும் தூக்கிய கையோடு கேள்வி வந்துவிடும். பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதுமா? போரிங் போட்டு, அதாவது சிலிண்டரின் உள்துளையை (போர்) கொஞ்சம் பெரிதாக வெட்டி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா? பிஸ்டனோடு வரும் புது பிளாக் கிட்டா? பழைய பிளாக்கிலேயே புது லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய், இறக்குவதா? செலவை மட்டும் பார்ப்பவர்கள் ரிங்கில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் பணம் போயிருக்கும். அளவெடுத்துவிட்டால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

போரின் விட்டம் அளக்கும் போர் கேஜ் இல்லையென்றால் ஒரு புது ரிங்கும் பில்லர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, லைனரின் அடியில் ரிங் ஓடாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ரிங்கின் வாய், அதாவது அதன் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே ரிங்கை போரின் சுவரில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துவாரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று தெரியும். கீழே 0.20 மி.மீ., மேலே 0.42 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.22, தேய்மானம் 0.07 மி.மீ. இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. போர் கோணலாக, முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் ரிங் அதைக் காட்டாது. போர் கேஜ் கிடைத்தால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுப்பதே நல்லது.

பிஸ்டனையும் அளக்க வேண்டும். ஸ்கர்ட் எனப்படும் பிஸ்டனின் கீழ்ப்பகுதியின் அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தாக மைக்ரோமீட்டர் வையுங்கள். வேறு இடத்தில் வைத்தால் தவறான எண்தான் வரும், ஏனென்றால் பிஸ்டன் முழு வட்டமாகச் செய்யப்படுவதில்லை. 50 மி.மீ. போர் உள்ள ஏர்-கூல்டு எஞ்சினில் வார்ப்புப் பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் பெரும்பாலும் 0.04 முதல் 0.06 மி.மீ. வரை இடைவெளி விடுவார்கள். வண்டியின் மானுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

ரிங் மட்டும் மாற்றுவது

இது மலிவான வழி. பலர் தவறாகத் தேர்ந்தெடுப்பதும் இதைத்தான். மேலும் கீழும் விட்டத்தின் வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் இருந்து, ஸ்கர்ட் இடைவெளி வரம்புக்குள் நின்று, நகத்தை ஓட்டினால் மாட்டுகிற கீறல் எதுவும் போரில் இல்லையென்றால் மட்டும் ரிங் போதும். போரின் உச்சியில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். பழைய ரிங் தேய்ந்து வட்டமான விளிம்போடு அந்த மேட்டுக்குப் பழகியிருக்கும். புது ரிங்கின் கூர்விளிம்பு அதில் இடித்து உடையும். உடைந்த துண்டு துவாரத்துக்குள் போனால் பிஸ்டனோடு பிளாக்கும் போச்சு.

எல்லாம் சரியாக இருந்தாலும் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் போரில் புது ரிங் உட்காராது. போரைத் தேய்க்கும் 240 கிரிட் ஹோன் கல் கொண்டு, எண்ணெய் விட்டு, லேசாகக் குறுக்குக் கோடு போடுங்கள். பிஸ்டனில் ரிங் காடியில் படிந்த கார்பனைச் சுரண்ட, அதே பிஸ்டனின் பழைய ரிங்கை உடைத்து அதன் முனையைப் பயன்படுத்தலாம்.

போரிங்

மூல பிளாக் ஸ்டாண்டர்ட் அளவிலோ முதல் ஓவர்சைஸிலோ இருக்கும் வண்டிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. துவாரங்களின் உயரமும் வார்ப்பின் தரமும் தொழிற்சாலை கொடுத்தபடியே இருக்கும். மாறுவது விட்டம் மட்டும். 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள 98 சிசி எஞ்சினில் 0.50 ஓவர்சைஸ் போட்டால் கொள்ளளவு சுமார் 100 சிசி ஆகும். வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று வரும். கீறல் போகும் அளவுக்கு மிகச் சிறிய படியைத் தேர்ந்தெடுங்கள். ‘எப்படியும் வெட்டுகிறோமே’ என்று நேராக 1.00-க்குப் போனால் பிளாக்கின் மீதி ஆயுளை ஒரே நாளில் தின்றுவிடுவோம். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் பிளாக்கைப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் ஒரு மி.மீ.யில் நூறில் ஒன்று இரண்டு பங்கு மாறும். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

போரிங்கிலிருந்து திரும்பிய பிளாக்கை அப்படியே மாட்டுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. வெட்டிய துவாரங்களின் விளிம்பு பிளேடு போல இருக்கும். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் துவாரத்துக்குள் கொஞ்சம் பிதுங்கி மறுபடி உள்ளே வர வேண்டும். கூர்விளிம்பு அதைக் கவ்வி இழுத்துவிடும். சின்ன அரை-வட்ட அரத்தாலோ எமரி கல்லாலோ எல்லா துவாரத்துக்கும், முக்கியமாக மேல், கீழ் விளிம்புகளுக்கு, அரை மி.மீ. அளவுக்குச் சரிவு கொடுங்கள். எக்ஸாஸ்ட் துவாரத்தின் நடுவில் பாலம் உள்ள பிளாக்கானால், சூட்டில் அந்தப் பாலம் உள்பக்கம் பிதுங்கும் என்பதால் அதைச் சுமார் 0.05 மி.மீ. தேய்த்துவிடச் சொல்ல வேண்டும்.

பிறகு கழுவல். பெட்ரோலில் துடைத்தால் ஹோன் தூள் போகாது. வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். காய்ந்த உடனே எண்ணெய் தடவுங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் லைனரில் துரு பூக்கும்.

போரில் வார்ப்பிரும்பு லைனர் இல்லாமல் நிக்கல் அல்லது குரோம் பூச்சு இருந்தால் போரிங் என்ற பேச்சே இல்லை. உள்சுவரில் காந்தம் பச்சக்கென்று ஒட்டினால் இரும்பு லைனர். ஒட்டவில்லை, அல்லது லேசாக மட்டும் இழுக்கிறது என்றால் பூச்சு. அதற்கு மறுபூச்சு போட வேண்டும், இல்லாவிட்டால் லைனர் இறக்க வேண்டும்.

பிளாக் கிட்

பெட்டியைத் திறந்து அப்படியே மாட்டிவிடலாம் என்பதுதான் கிட்டின் கவர்ச்சி. சில கிட்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் பழைய பிளாக்கைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்காமல் எதையும் மாட்டக் கூடாது. மேல் முகத்திலிருந்து எக்ஸாஸ்ட் துவாரத்தின் உச்சிவரை வெர்னியரால் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் இருந்தாலே வண்டியின் குணம் மாறிவிடும். பிஸ்டனைக் கீழ்நிலையில் நிறுத்தினால் அதன் தலை, புதுக் கலவை மேலேறி வரும் டிரான்ஸ்ஃபர் துவாரங்களின் தரையோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே வார்ப்புப் பிசிறு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பிஸ்டனையும் புதியதையும் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். எடை கணிசமாக மாறினால் கிராங்கின் சமநிலை கெட்டு, கைப்பிடியில் அதிர்வு ஏறும்.

கிட் மாட்டினாலும் மூல பிளாக்கைத் தூக்கி எறியாதீர்கள். எண்ணெய் தடவிச் சுற்றி வைத்தால் பின்னால் லைனருக்கு உதவும்.

லைனர்

கடைசி ஓவர்சைஸையும் தாண்டிய பிளாக், ஆழமான கீறல் உள்ள பிளாக், கிட்டே கிடைக்காத அரிய வண்டி ஆகிய மூன்றுக்கும் இதுதான் கதி. பிளாக்கைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, குளிரவைத்த லைனரை ஒரே மூச்சில் இறக்குவார்கள். துவாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டால் மறுபடி சுட வைத்துத்தான் எடுக்க வேண்டும். இது வீட்டு வேலை இல்லை. டூ-ஸ்ட்ரோக்கில் கைதேர்ந்த பட்டறையிலேயே கொடுங்கள். நாலு சக்கர எஞ்சினுக்கு லைனர் போட்டுப் பழகியவருக்குத் துவாரங்களின் அருமை தெரியாமல் போகலாம். நல்ல லைனர் இறங்கினால் பிளாக் மறுபடி ஸ்டாண்டர்ட் அளவிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பழைய பிஸ்டன் ஏன் செத்தது என்று படிக்காமல் புதியதை மாட்ட வேண்டாம். நாலு மூலையிலும் கீறல் என்றால் குளிர்ந்த எஞ்சினை முறுக்கியிருக்கிறார்கள், அல்லது இடைவெளி போதவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் சூடு அல்லது பெட்ரோல் குறைந்த கலவை. அந்தக் கலவைக்குப் பல நேரம் காற்றை உள்ளே இழுக்கும் கிராங்க் ஆயில் சீல் காரணமாக இருக்கும். அதிக ஆயில் ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைப்பதும் இங்கே தப்பாகும். கார்புரேட்டர் ஜெட் வழியே போகும் அளவு மாறாது; ஆயில் கூடினால் அதில் பெட்ரோல் குறையும், கலவை இன்னும் வறண்டுபோகும்.

கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் கிராங்கை முதலில் முடிக்க வேண்டும். மாட்டும்போது அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் வாய் ரிங் காடியில் உள்ள சின்னப் பின்னில், பிஸ்டன் பின்னைப் பூட்டும் சர்க்ளிப் புதிது, அதன் திறப்பு மேலோ கீழோ பார்த்திருக்க வேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு, கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாக 0.4 பார் அழுத்தம் ஏற்றி ஆறு நிமிடம் காத்திருங்கள். அழுத்தமானியின் முள் வேகமாக இறங்கினால் சோப்பு நீர் தடவி, குமிழ் வரும் இடத்தைப் பிடித்துவிட்டு அதன் பிறகு கிக் அடியுங்கள்.