பதினொன்றாம் வகுப்பில் எந்த ஆங்கிலம்? டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஓர் அலசல்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு வீட்டில் ஒரே பேச்சுதான்: சயின்ஸா, காமர்ஸா? ஆங்கிலத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. எந்தப் பிரிவு எடுத்தாலும் கூடவே வந்துவிடும் பாடம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். யோசிக்க நிறையவே இருக்கிறது. டெல்லியில் ஆங்கிலம் என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு படிப்புகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் மொழியைப் பற்றிய படிப்பு.

பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது சிபிஎஸ்இயின் இங்கிலீஷ் கோர், பாட எண் 301. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் சிபிஎஸ்இதான் என்பதால் மந்திர் மார்க்கில் படித்தாலும் ஜனக்புரியில் படித்தாலும் இதே தாள்தான். எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. பன்னிரண்டாம் வகுப்பில் அந்த 80, வாசிப்புக்கு 22, எழுதுவதற்கு 18, பாடநூல்களுக்கு 40 என்று பிரிகிறது. எழுதுவதற்கான 18-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 50 சொல்லுக்குள் ஓர் அறிவிப்பு. 50 சொல்லுக்குள் ஓர் அழைப்பிதழ், அல்லது அதற்கான பதில். 120 முதல் 150 சொல்லுக்குள் ஒரு கடிதம். அதே அளவில் ஒரு கட்டுரை அல்லது அறிக்கை. கட்டம் போட்டாயா, தேதி எழுதினாயா, கீழே பதவியைக் குறிப்பிட்டாயா என்று வடிவத்துக்கே தனி மதிப்பெண் உண்டு. 95 வாங்கிய பிள்ளையிடம் ஒரு விஷயத்தை எடுத்து இரண்டு பக்கம் வாதாடி எழுதச் சொன்னால் மூன்றாவது பத்தியிலேயே திணறுகிறது. அது பிள்ளையின் குறை இல்லை. அவ்வளவு நீளத்துக்கு எழுதச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை.

ஆனாலும் கோரை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதன் பாடநூல்கள் நல்ல பாடநூல்கள். பன்னிரண்டாம் வகுப்பின் 'ஃபிளமிங்கோ'வில் ஜெமினி ஸ்டூடியோவைப் பற்றி அசோகமித்திரன் எழுதியது இருக்கிறது. 'விஸ்டாஸ்' நூலில் கல்கியின் புலி வேட்டை மகாராஜா கதை இருக்கிறது. தலித் எழுத்தாளர் பாமாவின் இளம்பருவ நினைவும் இருக்கிறது. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. தங்கள் சாதியார் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை பாமாவை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் இந்த ஆங்கிலப் பக்கங்களில்தான். வகுப்பில் இதை வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கிக் கடந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கோரில் இன்னொரு நன்மையும் உண்டு. சுமை குறைவு என்பதால் தமிழையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ள இடம் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை சிபிஎஸ்இயில் தமிழ் உண்டு, பாட எண் 106.

அடுத்து அதே வாரியத்தின் இங்கிலீஷ் எலெக்டிவ். கோரும் எலெக்டிவும் சேர்த்து எடுக்க முடியாது. ஒன்றுக்குப் பதில்தான் இன்னொன்று. பிளேக், வர்ஜீனியா உல்ஃப், ஏ.கே. ராமானுஜன் என்று பாடநூல் கனமாக இருக்கும். இலக்கியத்தின் மேல் உயிரை வைத்திருக்கும் பிள்ளைக்கு அருமையான பாடம். ஆனால் இதை நடத்தும் பள்ளிகள் குறைவு. மொழியை ஆழமாகக் கற்றுத்தருவார்கள் என்று நம்பி இதை எடுத்தால் ஏமாற்றம்தான்.

மூன்றாவது ஐஎஸ்சி, அதாவது சிஐஎஸ்சிஇ வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பு. அதில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்துக்கு ஒரு தாள். ஒவ்வொன்றுக்கும் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 மதிப்பெண் ப்ராஜெக்ட். மொழித் தாளில் 400 முதல் 450 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது போக 300 சொல்லளவில் ஒரு எழுத்துப் பணி, ஒரு திட்ட முன்மொழிவு, இலக்கணம், பத்தியைப் படித்துச் சுருக்கி எழுதுவது. எழுதக் கற்றுக்கொள்ள இந்த நான்கில் இதுதான் சிறந்தது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரம் ஒரு கட்டுரை எழுதித் திருத்தி வாங்கும் பிள்ளைக்குக் கல்லூரியில் நடுக்கம் இருக்காது. ஆனால் பத்து வரை சிபிஎஸ்இயில் படித்துவிட்டு, இதற்காக மட்டும் பதினொன்றில் வாரியம் மாறச் சொல்ல மாட்டேன். மற்றப் பாடங்களின் சிலபஸும் சேர்ந்து மாறும். தமிழ் கிடைக்குமா என்பதும் பள்ளியைப் பொறுத்தது.

கடைசியாக, பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் வாரியம் நடத்தும், நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவலின் இங்கிலீஷ் லாங்குவேஜ், எண் 9093. இலக்கியத்துக்கு அங்கே வேறு பாடம் இருக்கிறது. இதில் படிப்பது மொழியை மட்டும்தான். நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 50 மதிப்பெண். மூன்றாம் தாளில் ஒரு பகுதி, குழந்தை எப்படி மொழியைப் பிடிக்கிறது என்பது. ஒரு சின்னக் குழந்தையும் அதன் அம்மாவும் பேசியதை அப்படியே எழுத்தில் கொடுத்துவிடுவார்கள். எங்கே ஒரு கணம் நிறுத்தினார்கள், எங்கே குரல் உயர்ந்தது என்றெல்லாம் குறியிட்டிருக்கும். குழந்தை 'வென்ட்' (went) என்பதற்குப் பதில் 'கோட்' (goed) என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டதையே திருப்பிச் சொல்கிற குழந்தைக்கு இது எங்கிருந்து வந்தது? இறந்தகாலத்துக்கு -ed சேர்க்கும் விதியைக் குழந்தை தானே கண்டுபிடித்து, பொருந்தாத இடத்திலும் அதைப் போட்டுப் பார்க்கிறது. இப்படி மாணவர் ஆதாரம் காட்டி எழுத வேண்டும். அதே தாளில் பழைய ஆங்கில உரைநடை ஒன்றைக் கொடுத்து, மொழி எப்படி மாறியது என்றும் கேட்பார்கள். நான்காம் தாளில் உலகில் ஆங்கிலம் பரவிய கதை வரும். அங்கே தவறாமல் அடிபடும் பெயர் மொழியியலாளர் பிரஜ் கச்ரு. ஸ்ரீநகரில் பிறந்தவர், உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்து, இந்தியாவை வெளிவட்டத்தில் வைத்தவர்.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த டெல்லிப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் உதாரணங்கள் முழுக்கச் சொந்த வாழ்க்கையிலேயே கிடக்கின்றன. கையில் இவ்வளவு வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு எட்டாமல் இருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். கட்டணம் லட்சக்கணக்கில். அவ்வளவு கட்டினாலும் எல்லாக் கேம்பிரிட்ஜ் பள்ளிகளும் இந்தப் பாடத்தை நடத்துவதில்லை. சில இடங்களில் இங்கிலீஷ் ஜெனரல் பேப்பர் மட்டும் இருக்கும். அது வேறு, ஏ லெவலின் முதல் பாதியான ஏஎஸ் அளவோடு நின்றுவிடும். சேர்க்கும்போதே பாட எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கல்லூரி? 2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சேர்க்கை க்யூட் (CUET) பொது நுழைவுத்தேர்வை வைத்துத்தான். ஆங்கில ஆனர்ஸ் வேண்டுமென்றால் க்யூட்டில் ஆங்கிலத் தாள் எழுதியே ஆக வேண்டும். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறானதற்கு 1 கழியும். வாசிப்பும் சொல்வளமும் இருந்தால் நான்கில் எதைப் படித்தவரும் அதை எழுதலாம். அதனால் போர்டில் எந்த ஆங்கிலம் மார்க் தரும் என்ற கணக்கை இங்கே கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

என்னிடம் கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். ஏற்கெனவே ஐஎஸ்சி பள்ளியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். மற்றவர்கள் கோர் எடுங்கள், கூடவே தமிழையும் எடுங்கள். பிள்ளைக்கு மொழி மேல் ஆசை இருந்தால், 9093-இன் சிலபஸும் சில பழைய வினாத்தாள்களும் கேம்பிரிட்ஜ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாதம் ஒரு தாளை எடுத்து, தேர்வு பயம் இல்லாமல் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். குழந்தைப் பேச்சுக் கேள்வியில் தொடங்கலாம். அப்புறம் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்கள் தமிழும் இந்தியும் கலந்து பேசுவதைப் பத்து நிமிடம் போனில் பதிவு செய்து, அதே குறிகளோடு எழுதிப் பார்க்கட்டும்.