மலாயா ரயில் பெட்டிக்கு எந்தப் போகி? ஆல்பமா, வரைபடமா, மிச்சமிருக்கும் பெட்டியா?

மெர்டேக்கா (1957 சுதந்திரம்) காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டியை மாடலாகச் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னல், பலகை, பெயின்ட் என்று மேல்பாதியிலேயே மெனக்கெடுகிறார்கள். பெட்டியின் வயதைக் காட்டுவது அடியில் இருக்கும் நாலு சக்கரப் போகிதான் (போகி என்று இங்கே சொல்வது முழுப் பெட்டியை அல்ல, அதைத் தாங்கும் சக்கரச் சட்டத்தை). சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு அதைத் தேட மூன்று வழி இருக்கிறது.

முதலில் குடும்ப ஆல்பம். தோட்டத்து வீடுகளில் கேட்டால் ஸ்டேஷனில் எடுத்த படம் ஒன்றாவது கிடைக்கும், ஆனால் எல்லோரும் பிளாட்பாரத்தில் வரிசையாக நிற்பார்கள், போகி முழுக்க பிளாட்பார விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும். ரயில் கேட் பக்கத்திலோ எதிர்ப்பக்கத் தண்டவாளத்திலோ நின்று எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். அதில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஒவ்வொரு அச்சுப் பெட்டிக்கும் (சக்கர அச்சின் முனையைத் தாங்கும் சிறு கூடு) தனித்தனி பட்டை ஸ்பிரிங் இருந்தால் பிரிட்டிஷ் பாணி. இரண்டு அச்சுப் பெட்டிகளையும் இணைத்து நீளமாக ஒரு இரும்புச் சட்டம் ஓடி, அதன்மேல் சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தால் அமெரிக்க பாணி. அப்புறம் சட்டத்தில் ரிவெட் வரிசை தெரிகிறதா, இல்லை லீட்ஸ் நகரத்து சாம்சன் ஃபாக்ஸ் பாணியில் அச்சில் அழுத்தி வளைத்த எஃகுத் தகடாக விளிம்பு வளைந்து வழவழவென்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது, பெட்டியைக் கட்டுவதற்காகப் போட்ட வரைபடம். அதில் அளவு சுத்தமாக இருக்கும். அதோடு படத்தையும் சேர்த்தால் கணக்கு சுலபம்: நேர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் பெட்டியின் உடல் 180 மி.மீ., இரண்டு அச்சுக்கும் நடுவே 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் உடலை 18 மீட்டர் என்று சொன்னால் அச்சு இடைவெளி 1.8 மீட்டர், அதை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:87 மாடல் அளவில் 20.7 மி.மீ. ஆனால் வரைபடம் காட்டுவது ஆர்டர் கொடுத்த நாளின் பெட்டியை. ஜப்பான்காரன் காலத்தில் கிழக்குக் கரைத் தண்டவாளமே பிடுங்கப்பட்டு சயாம் மரண ரயிலுக்குப் போனது, 1945-ல் கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறைமீது குண்டு விழுந்தது. இத்தனையும் தாண்டி ஓடிய பெட்டியை போருக்கு முந்தைய தாளை மட்டும் நம்பிச் செய்யக்கூடாது.

மூன்றாவது, மிச்சமிருக்கும் நிஜப் பெட்டி. அதைத் தொட்டு அளக்கலாம், போல்ட் தலைவரை குறித்துக்கொள்ளலாம். அந்த சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. ஆனால் பட்டறையில் பெட்டியைத் தூக்கிப் பழுது பார்க்கும்போது போகியை மாற்றிப் போடுவது ரயில்வேயில் சாதாரண வேலை. அதனால் அந்தப் போகி இந்தப் பெட்டியோடு பிறந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என் ஓட்டு, வருஷம் தெரிந்த படத்துக்குத்தான். வரைபடம் அளவுக்கு, நிஜப் பெட்டி நுணுக்கத்துக்கு; இரண்டும் படத்தோடு முரண்பட்டால் படம் சொல்வதையே கேளுங்கள்.

ரெடிமேட் வாங்கலாமா? நம் ரயில் பாதையின் அகலம் 1000 மி.மீ., 1:87-ல் 11.5 மி.மீ. வரும், 12 மி.மீ. தண்டவாளத்துக்குக் கிட்டத்தட்ட சரி. பிரிட்டிஷ் 1:76 அளவில் அதே 12 மி.மீ. பாதை மூன்றடி அகலம்தான் ஆகும், வேண்டாம். சுவிஸ் மீட்டர் பாதை மாடலின் சக்கரங்களை மட்டும் வாங்கி, பக்கச் சட்டத்தைப் படத்தைப் பார்த்து 3டி பிரின்ட் எடுங்கள். முழு சுவிஸ் போகியை அப்படியே மாட்டினால் மலைப்பாதை ரயில் மாதிரிதான் நிற்கும்.