எம்ஜிபி இன்ஜின்: பிரித்துச் சீரமைப்பதா, மாற்று இன்ஜினா?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவான எம்ஜிபி காரின் 1798 சிசி இன்ஜின் நீலப் புகை கக்கத் தொடங்கினால் (உள்ளே எண்ணெய் எரிவதன் அறிகுறி), உரிமையாளர் முன் இரண்டு வழிகள் உள்ளன: சொந்த இன்ஜினைப் பிரித்துச் சீரமைப்பது, அல்லது மாற்று இன்ஜின் பொருத்துவது.

செலவு: சொந்த இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும்வரை மொத்தச் செலவு தெரியாது, மாற்று இன்ஜினுக்கு விலை முன்பே தெரியும்.

நேரம்: மாற்று இன்ஜினே விரைவு.

நம்பகம்: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. சொந்த இன்ஜினில் சிலிண்டர் தேய்மானத்தை அளந்து, தேவைப்பட்டால் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கோ 40 பங்கோ பெரிதாகக் கடைந்து, ஒவ்வொரு பேரிங்கையும் கண்ணால் பார்த்தே பொருத்தலாம். மாற்று இன்ஜினிலோ விற்பவரின் சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

1964 இறுதிக்கு முந்தைய, மூன்று மெயின் பேரிங் (இன்ஜினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பாகம்) கொண்ட காரில் அசல் இன்ஜினையே காப்பாற்ற வேண்டும். பிந்தைய ஐந்து பேரிங் காரை அன்றாடம் ஓட்டுபவருக்கு, பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடற்பகுதி) விரிசல் இருந்தால், மாற்று இன்ஜினே பொருத்தம்.