கிளவுட் சாவியை எங்கே வைப்பது: என்வயர்மென்ட் வேரியபிளா, ஃபைலா, ரோலா?

லாக்4ஜே என்பது ஜாவா புரோகிராம்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் மென்பொருள். 2021 டிசம்பரில் அதிலிருந்த லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளியே வந்தபோது, ஒரு வரி டெக்ஸ்டை வைத்தே சர்வரைப் பிடித்துவிடலாம் என்பதுதான் எங்கும் பேச்சு. அதே ஓட்டையில், சர்வரைப் பிடிக்காமலே ஏ.டபிள்யூ.எஸ். (அமேசான் கிளவுட்) கணக்கைத் திறக்கும் சாவியை உருவிக்கொண்டு போகவும் வழி இருந்தது. சாவியை வைக்க வழக்கமான மூன்று இடங்களையும் அந்த ஓட்டையை வைத்தே பார்க்கலாம்.

முதலில் என்வயர்மென்ட் வேரியபிள், அதாவது புரோகிராம் ஓடும்போது வெளியிலிருந்து அதற்குக் கொடுக்கும் மதிப்பு. கோடில் எழுதாதே, இங்கே போடு என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் லாக்4ஜே, லாக்கில் எழுதும் வரிக்குள் டாலர் குறியும் நெளிவு அடைப்பும் இருந்தால் அதை விரித்துப் படித்தது. ஜேஎன்டிஐ என்று இருந்தால் வெளி சர்வரைத் தேடிப் போகும்; என்வி என்று இருந்தால் வேரியபிளின் மதிப்பை எடுத்து அங்கே வைக்கும். இரண்டையும் கோத்தால், உங்கள் சாவியே ஒரு டொமைன் பெயரின் முன்பகுதி ஆகிவிடும். அந்தப் பெயரை டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) தேடும்போதே சாவி திருடனின் டிஎன்எஸ் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வெளியிலிருந்து கோடை இறக்க மறுக்கும் புது ஜாவாவிலும் இது நடந்தது. ஜேஎன்டிஐ வெளியே போகும் எல்டாப் போர்ட்டை ஃபயர்வாலில் மூடியிருந்தாலும் டிஎன்எஸ் திறந்துதானே இருக்கும்? 40 எழுத்து ரகசியச் சாவி, டொமைன் பெயரின் ஒரு பகுதிக்கு உள்ள 63 எழுத்து வரம்புக்குள் அழகாக அடங்கும். சாவிக்குள் சாய்கோடு இருந்தால் டொமைன் பெயர் உடைந்துபோகும். அப்படித் தப்பியவர்கள் லாட்டரி வாங்கலாம்.

அடுத்தது ஹோம் டைரக்டரியில் இருக்கும் கிரெடென்ஷியல்ஸ் ஃபைல். இந்தச் சிறிய கசிவுக்கு அது சிக்காது. கோடை ஓட்டும் அளவுக்கு உள்ளே வந்தவனுக்குத்தான் சிக்கும். ஆனால் வந்துவிட்டால் தேடவே வேண்டாம், எல்லா மெஷினிலும் அதே இடம். 2020இல் டீம்டிஎன்டி என்ற ஹேக்கர் கும்பலின், தானே பரவும் வார்ம் அந்த ஃபைலைத்தான் அள்ளிக்கொண்டு போனது. அதிலிருப்பது பெரும்பாலும் ஏகேஐஏ என்று தொடங்கும் நிரந்தரச் சாவி. யாராவது அழிக்கும்வரை வேலை செய்யும்.

மூன்றாவது ரோல், அதாவது சர்வருக்கே கொடுக்கும் அனுமதி. சாவியை நாம் எங்கும் வைப்பதில்லை, 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியில் சர்வர் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தச் சேவையின் பழைய முதல் பதிப்பில், பிரவுசர் பக்கம் கேட்பது போன்ற ஒரு சாதாரண கெட் கோரிக்கை போதும். 2019இல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்தது இதுதான்: தவறாக அமைத்த ஃபயர்வாலை ஏமாற்றி அந்த முகவரியைக் கேட்க வைத்தார்கள்; அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேரின் விவரம் போனது. அதே ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு, முதலில் புட் கோரிக்கை அனுப்பி டோக்கன் வாங்கச் சொல்கிறது. அப்படி ஏமாற்றும் தாக்குதல்களில் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடும்.

லாக்4ஷெல்லில் உள்ளே புகுந்தவனை இது தடுக்குமா? தடுக்காது. அவன் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி தட்டுவான், அவ்வளவுதான். ஆனாலும் என் ஓட்டு ரோலுக்கே. கையில் கிடைப்பது சில மணி நேரத்தில் காலாவதியாகும் சாவி. அதை வெளியிலிருந்து பயன்படுத்தினால், அமேசானின் கண்காணிப்புச் சேவையான கார்ட்ட்யூட்டியை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை வரும். சர்வரைப் பராமரிக்காமல் கோடை மட்டும் ஓட்டும் அமேசான் சேவையான லாம்டாவில் ரோலின் சாவியும் என்வயர்மென்ட் வேரியபிளில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கேயும் ஒரு நன்மை உண்டு. தற்காலிகச் சாவி வேலை செய்ய செஷன் டோக்கனும் வேண்டும். அது நூற்றுக்கணக்கான எழுத்து நீளம், ஒரு டொமைன் பெயருக்குள் அடங்காது.

ரகசியங்களைப் பூட்டி வைக்கும் சீக்ரெட்ஸ் மேனேஜர்? நல்லதுதான், ஆனால் அதைத் திறக்கவும் ஓர் அடையாளம் வேண்டுமே. சுற்றி மறுபடி இதே மூன்றுக்குத்தான் வருவோம்.

சரி, ரோல் கொடுக்க வழியில்லாத ஆபீஸ் சர்வர் என்றால்? வேரியபிளைவிட ஃபைல் பரவாயில்லை என்பேன், அதுவும் ஒரே ஒரு பக்கெட்டுக்கு (கிளவுடில் ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) மட்டும் அனுமதி உள்ள சாவியாக. கேப்பிட்டல் ஒன்னில் சிக்கிய ரோல், பக்கெட்டுகளைப் பட்டியலிட்டுப் படிக்கும் அளவுக்கு அகலமானது.

லாக்4ஜேயை 2.17.1க்கு ஏற்றியதோடு நிறுத்தியிருந்தால், இன்றே கன்சோலில் சாவி உருவாக்கிய தேதியைப் பாருங்கள். அந்தச் சர்வரில் இருந்த சாவி 2021 டிசம்பருக்கு முந்தையது என்றால், அப்டேட் அதைத் தொடவே இல்லை.