விண்வெளி விபத்துப் படங்கள்: எதைப் பார்க்கலாம், எதில் ஏமாறுவோம்

நிஜத்தில் நடந்த விண்வெளி விபத்தைப் படமாக எடுத்தால் முடிவுதான் எல்லோருக்கும் தெரியுமே, அப்புறம் என்ன இருக்கிறது பார்க்க என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நான் தாராளமாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வெடிப்பைக் காட்டிப் பதற வைக்கிற படத்தைவிட, அது ஏன் வெடித்தது என்று தேடிப் போகிற படம்தான் பார்த்து முடித்த பிறகும் மனதைவிட்டுப் போகாமல் இருக்கும்.

அந்த வகையில் என் முதல் சிபாரிசு 2013-இல் பிபிசி எடுத்த 'தி சேலஞ்சர்'. டிவி படம்தான், ஒன்றரை மணி நேரம், பிரம்மாண்டம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறி அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள், அவர்களில் கிறிஸ்டா மெக்காலிஃப் ஒரு பள்ளி ஆசிரியை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் பின்னாலேயே படம் போகிறது. வில்லியம் ஹர்ட் ஃபைன்மனாக நடித்திருக்கிறார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்கும் மனிதர், அதிகாரிகள் மழுப்ப மழுப்ப விடாமல் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். குரலை உயர்த்தாமல் அந்தப் பிடிவாதத்தைக் காட்டியிருக்கிறார் ஹர்ட், அதற்காகவே பார்க்கலாம்.

படத்தின் உயிர் ஐஸ் தண்ணீர் காட்சி. நிஜத்திலும் அது அப்படித்தான் நடந்தது: பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கிற ஓ-ரிங் ரப்பரில் ஒரு துண்டை எடுத்து, சின்ன கிளாம்ப்பில் இறுக்கி, குடிக்க வைத்திருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, கேமராக்களுக்கு முன்னால் கிளாம்ப்பைத் தளர்த்தினார் ஃபைன்மன். அமுங்கிய ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அதாவது குளிரில் அது இணைப்பைச் சரியாக அடைக்காது, உள்ளே எரிகிற சூடான வாயு வெளியே கசிந்துவிடும். விபத்து நடந்த காலையில் குளிர் சுமார் 2 டிகிரி செல்சியஸ், அதற்கு முன் எந்த விண்ணோடமும் அவ்வளவு குளிரில் கிளம்பியதில்லை. பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தின இரவே, சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் ஏவாதீர்கள் என்று நாசாவுடனான தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடியிருக்கிறார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்று அவர்களுடைய மேலதிகாரி ஒருவருக்கு அங்கே சொல்லப்பட்டதும், நிறுவனம் ஏவலாம் என்று தலையாட்டியதும் வரலாறு. இது தெரிந்து அந்தக் காட்சியைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிருக்கும் ரப்பருக்கும் உள்ள தொடர்பை ஃபைன்மன் தானாகவே தேடிப் போகவில்லை. விண்வெளி வீராங்கனை சாலி ரைட், குளிரில் ஓ-ரிங் விறைத்துப்போவதைக் காட்டுகிற ஒரு தாளைக் குழுவிலிருந்த ஜெனரல் குட்டினாவிடம் ரகசியமாகக் கொடுத்தார், அவர் தன் காரின் கார்புரேட்டரில் இருக்கிற ரப்பர் குளிரில் என்ன ஆகும் என்று பேசுவதுபோல ஃபைன்மனுக்குக் கோடி காட்டினார். சாலி ரைட் 2012-இல் இறந்த பிறகுதான் குட்டினா இதை வெளியே சொன்னார். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் உள்ளே இருந்து உண்மையை வெளியே தள்ளியவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு, இந்த மாதிரிப் படங்களை நான் விரும்புவதே அவர்களுக்காகத்தான்.

அடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த 'அப்பல்லோ 13', 1995. 1970-இல் நிலவுக்குப் போகிற வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மூன்று வீரர்கள் உயிரோடு திரும்பி வந்த கதை. சலிக்கவே சலிக்காது. விமானத்தை மேலே ஏற்றிக் கீழே பாயவிட்டு, ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற இருபது முப்பது விநாடி எடையின்மையில் படம்பிடித்திருக்கிறார்கள், அதனால்தான் மிதப்பது மிதப்பதாகவே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது மேஜைமேல் சாமான்களைக் கொட்டுகிற காட்சி: கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிற பெட்டி சதுரம், அதைப் பொருத்த வேண்டிய துளை வட்டம், கையில் இருப்பது பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா. இதை வைத்து மூன்று உயிரைக் காப்பாற்று என்றால் எப்படி இருக்கும்! விண்கலத்துக்குள் வீரர்கள் சண்டை போட்டுக்கொள்வது மட்டும் சினிமாவுக்காகச் சேர்த்தது.

குறை எங்கே என்றால், ஆக்சிஜன் தொட்டி ஏன் வெடித்தது என்பதைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தொட்டியைச் சூடாக்குகிற ஹீட்டரை அணைக்க 28 வோல்ட்டுக்குச் செய்த சுவிட்சைத் தரையில் நடந்த சோதனையில் 65 வோல்ட்டில் ஓட்டியிருக்கிறார்கள், அது ஒட்டிப்போய், சூடு ஏறி, உள்ளே கம்பிகளின் உறை கருகிப்போனது, அது யாருக்கும் தெரியாமலே தொட்டி விண்ணுக்குப் போய்விட்டது. இதை வைத்தே தனியாக ஒரு படம் எடுக்கலாம்.

ரஷ்யாவின் 'சல்யூத் 7' (2017) என்னை ஏமாற்றிய படம். காட்சிகள் அபாரம், அதில் சந்தேகமே இல்லை. 1985-இல் மின்சாரம் செத்து, உறைந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்த சல்யூத் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையத்தோடு வீரர்கள் ஜானிபெகோவும் சவினிக்கும் தங்கள் விண்கலத்தைக் கையாலேயே ஓட்டிப்போய் இணைத்து, உள்ளே குல்லாய் போட்டுக்கொண்டு வேலைசெய்து அதற்கு உயிர்கொடுத்தார்கள். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் படத்தில் வீரர்களின் பெயரை மாற்றி, நடக்காத தீவிபத்தைச் சேர்த்து, அமெரிக்க விண்ணோடம் நிலையத்தைப் பிடிக்க வருவதாக வேறு கதை கட்டியிருக்கிறார்கள். பெரிய திரையில் கிடைத்தால் பாருங்கள், நடந்தது இதுதான் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

'ஃபர்ஸ்ட் மேன்' (2018) ஆம்ஸ்ட்ராங்கின் கதை என்றாலும், 1967-இல் அப்பல்லோ 1 தீயில் மூன்று பேர் இறந்த பகுதி சில விநாடிகளே வந்தாலும் உலுக்கிவிடும். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அங்கே கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசைப்படுவது 2003-இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்த கொலம்பியா விண்ணோடத்தைப் பற்றி, 'தி சேலஞ்சர்' மாதிரி நிதானமான ஒரு படம். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இறக்கையில் அடித்தது தெரிந்து, விண்ணில் இருக்கும்போதே அந்த இடத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். சேலஞ்சருக்குப் பிறகு 17 வருஷம் கழித்து மறுபடியும் அதே கதை. யாராவது எடுங்கள், முதல் நாளே டிக்கெட் எடுத்துவிடுவேன்.